தர்மம் அல்ல, சட்டம் வேண்டும்!

2020 மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி நாட்டு மக்களிடம் பேசினார். நள்ளிரவு 12 மணி முதல் 21 நாட்களுக்கு யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று அறிவித்தார். நாலே மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் கதவடைத்துக் கொண்டது. மில்லில் சங்கு ஓய்ந்தது. பனியன் கம்பெனியில் மிஷின் நின்றது. சாரத்தில் ஏறியிருந்த கொத்தனார் இறங்கினார். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிற வீடுகளில் அடுப்பும் அணைந்தது.

கொள்ளை நோய் பரவாமலிருக்க மக்கள் சில காலம் விலகி இருக்கத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. வேலைக்குப் போகாதே என்று கட்டளையிட சர்க்காரின் கையில் சட்டம் இருந்தது. போகாத நாளுக்குக் கூலி எங்கே என்று கேட்கத் தொழிலாளியின் கையில் என்ன சட்டம் இருந்தது?

அன்று இல்லை. இன்றும் இல்லை. கொரோனா அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதம் அறிவித்துவிட்டது. "நோய்தான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். ஆற்றில் வெள்ளம் வந்த பிறகு யாரும் கரை கட்டுவதில்லை. தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் கரையைப் பலப்படுத்த வேண்டும். இது விவசாயத் தொழிலாளிக்கு நாம் கற்றுத்தர வேண்டிய பாடமல்ல. சர்க்காருக்குக் கற்றுத்தர வேண்டிய பாடம்.

வெள்ளைக்காரன் எழுதிய நாலு ஷரத்து

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மறு ஆண்டே வெள்ளைக்கார சர்க்கார் கொள்ளை நோய்ச் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. நாலே ஷரத்துகள் கொண்ட சட்டம். சர்க்கார் எந்தக் கட்டுப்பாட்டையும் விதிக்கலாம், மீறுகிறவனைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடரக்கூடாது. சட்டத்தின் சாரம் அவ்வளவுதான். வேலையிழந்தவன் என்ன தின்பான் என்று அதில் ஒரு வரி இல்லை.

வெள்ளைக்காரன் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் 2020-ல் அதே சட்டம்தான் நம் தலைமேல் பிரயோகிக்கப்பட்டது. அந்த ஆண்டு பார்லிமெண்டு அதைத் திருத்தியது. டாக்டர்களையும் நர்ஸுகளையும் தாக்குகிறவர்களுக்குத் தண்டனை சேர்த்தார்கள். அது வேண்டியதுதான். ஆனால் அப்போதும் கூலியைப் பற்றி ஒரு வரி சேர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

மில் தொழிலாளிகள் ஸ்டாண்டிங் ஆர்டரை அறிவார்கள். 1946-ல் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி நிலையாணைகளில் ஒரு விதி உண்டு. தீ விபத்து, மிஷின் பழுது, மின்சார நிறுத்தம், கொள்ளை நோய், கலவரம் ஆகியவை நேர்ந்தால் முதலாளி முன்னறிவிப்பு இல்லாமலே ஆலையின் எந்தப் பகுதியையும் மூடலாம் என்பது அந்த விதி. ஆலையை மூடும் உரிமைக்குக் 'கொள்ளை நோய்' என்ற சொல் அன்றே எழுதப்பட்டுவிட்டது. தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? 1953-ல் தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தி, லே-ஆப் நாட்களுக்குப் பாதிச் சம்பளமும் பாதிப் பஞ்சப்படியும் என்றார்கள். தொழிற்சங்க இயக்கம் பெற்ற நல்ல உரிமைதான் அது. ஆனால் லே-ஆப்புக்கான காரணங்களை அடுக்கியபோது நிலக்கரிப் பற்றாக்குறை உண்டு, சரக்குத் தேக்கம் உண்டு, மிஷின் பழுது உண்டு. பின்னால் இயற்கைச் சீற்றமும் சேர்ந்தது. கொள்ளை நோய் மட்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. 50 பேருக்குக் குறைந்த பட்டறைக்கு அந்த உரிமை கிடையாது. பதிலிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் கிடையாது. இன்று ஆலைகளில் பாதிக்கு மேல் யார் நிற்கிறார்கள் என்பதை ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் நீங்களே எண்ணிப் பாருங்கள்!

50 நாள் வாழ்ந்த உத்தரவு

ஊரடங்கு தொடங்கி ஐந்தாவது நாள், 2020 மார்ச் 29-ல், மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. ஆலையோ கடையோ கம்பெனியோ, மூடியிருக்கும் காலத்துக்கும் தொழிலாளர்களுக்கு உரிய தேதியில் முழுச் சம்பளம் தரவேண்டும், பிடித்தம் கூடாது என்றது அந்த உத்தரவு. தொழிலாளி குடும்பங்கள் அதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

நடந்தது என்ன? முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினார்கள். மே 17-ந் தேதி சர்க்காரே உத்தரவை வாபஸ் பெற்றுக்கொண்டது. ஜூன் 12-ல் சுப்ரீம் கோர்ட்டு, சம்பளம் தராத முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை கூடாது, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. கதவடைத்த ஆலைக்கு வெளியே, கையில் காசில்லாமல், கூட்டம் கூடவும் அனுமதியில்லாமல் நிற்கும் தொழிலாளி, முதலாளியோடு சரிசமமாக உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம்!

அந்த உத்தரவு வாழ்ந்தது 50 நாள். அந்த 50 நாள் சம்பளம் முழுதாகக் கைக்கு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஓர் அதிகாரியின் கையெழுத்தில் பிறந்தது, இன்னொரு கையெழுத்தில் செத்தது. பார்லிமெண்டு இயற்றிய சட்டமாக இருந்திருந்தால் அதை இவ்வளவு சுலபமாகக் குழியில் இறக்கியிருக்க முடியாது.

நடந்தே போனவர்கள்

வெளி மாநிலத் தொழிலாளிகளின் கதி இதைவிடக் கொடுமை. கூலியும் நின்று, குடியிருந்த அறைக்கு வாடகையும் கொடுக்க முடியாமல், பீகாரிகளும் ஒரிசாக்காரர்களும் சாலை சாலையாக நடந்தார்கள். மே 8-ந் தேதி விடியற்காலை மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 தொழிலாளிகள் மீது சரக்கு ரயில் ஏறியது. அவர்கள் கட்டி வைத்திருந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன.

ஊர் திரும்பியவர்கள் 1 கோடிக்கு மேல் என்று சர்க்காரே பார்லிமெண்டில் கணக்குச் சொன்னது. வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பர் 14-ல் கேட்டதற்கு, அப்படிப்பட்ட புள்ளிவிவரம் வைத்திருக்கவில்லை, ஆகவே நஷ்டஈடு பற்றிய கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் மந்திரி பதில் கொடுத்தார். எண்ணாவிட்டால் செத்தவன் சாகவில்லை என்று ஆகிவிடுமா?

இவர்களுக்கென்று 1979-லேயே ஒரு சட்டம் இருந்தது. பயணப் படி உண்டு, இடப்பெயர்ச்சிப் படி உண்டு, பெயர்ப் பதிவு உண்டு. அதை அமுல் நடத்தியிருந்தால் யார் எங்கே இருக்கிறார் என்ற கணக்காவது சர்க்காரிடம் இருந்திருக்கும். தூங்கிய சட்டத்தை எழுப்புவதற்குப் பதிலாக, 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் மூலம் அதையே ஒழித்துவிட்டார்கள்.

'வேண்டும்' என்ற ஒரு சொல்

"சட்டம் இருந்து என்ன பயன், தோழர்? குறைந்தபட்சக் கூலிக்கும்தான் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் யார் கொடுக்கிறார்கள்?" என்று தொழிலாளிகள் நம்மைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு அந்தக் கொள்ளை நோய்க் காலமே மூன்று பதில்களைத் தருகிறது.

முதலாவது, கொரோனாவில் செத்தவர்களின் குடும்பங்களுக்குக் கிடைத்த ரூ.50,000. அது யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் நிர்வாகச் சட்டத்தில், உயிரிழப்புக்கு நிவாரணம் உட்படக் குறைந்தபட்ச உதவிகளுக்கு நெறிமுறை வகுக்க 'வேண்டும்' என்று ஒரு ஷரத்து இருக்கிறது. 'வேண்டும்' என்பதை 'விரும்பினால் செய்யலாம்' என்று படிக்க வேண்டும் என மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியது. பணமில்லை என்றது. 2021 ஜூன் 30-ல் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளியது. 'வேண்டும்' என்றால் செய்தே தீர வேண்டும் என்றது. ஒரே ஒரு சொல்! கணவனை இழந்த பெண்ணின் கைக்கு அந்தச் சொல் ஐம்பதாயிரம் ரூபாயைக் கொண்டுவந்தது. கூலி இழந்தவனுக்கு அப்படியொரு சொல் எந்தச் சட்டத்திலும் இல்லை.

இரண்டாவது, கிராமப்புற நூறு நாள் வேலை. இடதுசாரிகளின் ஆதரவில் நின்ற சர்க்கார் 2005-ல் இயற்றிய சட்டம் அது. கேட்டால் 15 நாட்களுக்குள் வேலை தரவேண்டும், தராவிட்டால் படி தரவேண்டும் என்றது. பட்டணத்திலிருந்து திரும்பிய மகனும், வயலில் வேலையற்றிருந்த தாயும் மண்வெட்டியோடு வந்து நின்றபோது, போ என்று விரட்ட அதிகாரிகளால் முடியவில்லை. 2020-21-ல் சுமார் 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. பட்ஜெட்டில் ரூ.61,500 கோடி ஒதுக்கியிருந்த சர்க்கார் மேலும் ரூ.40,000 கோடி ஒதுக்க நேர்ந்தது. தமிழ்நாட்டில் அன்றைய தினக்கூலி ரூ.256. போதாத கூலிதான். இருந்தும் பல லட்சம் வீடுகளில் கஞ்சி காய்ந்தது அந்தக் கூலியால்தான். அதிலும் ஒரு குறை: ஊரடங்கின் முதல் வாரங்களில், ஏப்ரல் 20 வரை, அந்த வேலையையும் நிறுத்தினார்கள். அந்த நாட்களுக்குக் கூலி தரவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. ஆகவே மத்திய சர்க்கார் தரவுமில்லை.

மூன்றாவது, கட்டிடத் தொழிலாளர் நல நிதி. கட்டிடச் செலவில் நூற்றுக்கு 1 ரூபாய் பிடிக்கச் சொன்ன 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்ந்த பணம் அது. அந்த நிதியில் ரூ.52,000 கோடி இருக்கிறது, பதிவு செய்த சுமார் 3.5 கோடித் தொழிலாளிகளுக்கு அதிலிருந்து உதவுங்கள் என்று 2020 மார்ச்சில் மத்திய தொழிலாளர் இலாகாவே ராஜ்ய சர்க்கார்களுக்கு எழுதியது. சட்டம் உண்டாக்கிய உண்டியல் ஆபத்துக் காலத்தில் நிறைந்திருந்தது. மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் ஏன் அப்படி ஓர் உண்டியல் இருக்கக்கூடாது?

தமிழ்நாட்டில் அரிசிக் கார்டுகளுக்கு 2020 ஏப்ரலில் ரூ.1,000 கொடுத்தார்கள். ஆட்சி மாறியபின் 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக ரூ.4,000 கொடுத்தார்கள். அரிசிக்கும் மருந்துக்கும் அது உதவியது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மந்திரிசபை மனம் வைத்துக் கொடுத்ததை அடுத்த மந்திரிசபை கொடுக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. தர்மத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

முதலாளிக்கு மட்டும் ஞாபகம்

ஆள்வோருக்குக் கொள்ளை நோயே மறந்துவிட்டதா? இல்லை. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் அதில் கொள்ளை நோயைப் பற்றி ஒரு ஷரத்து இருக்கிறது. என்னவென்று? கொள்ளை நோயோ தேசியப் பேரிடரோ வந்தால், பிராவிடண்ட் பண்டுக்கும் இ.எஸ்.ஐ.க்கும் கட்ட வேண்டிய பணத்தை ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் வரை தள்ளிவைக்கவோ குறைக்கவோ சர்க்கார் உத்தரவிடலாம் என்பது! நோய் வந்த நேரத்தில் தொழிலாளியின் சேமிப்பில் கைவைக்கத்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. கூலிக்கு ஷரத்து எழுத மட்டும் மறந்து போயிற்று.

நோயைச் சாக்காக வைத்து 8 மணி வேலையையும் பறிக்கப் பார்த்தார்கள். 2020 ஏப்ரலில் குஜராத் சர்க்கார் ஆலைகளில் 12 மணி வேலை என்றது. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி கிடையாது என்றது. உத்தரப் பிரதேச சர்க்கார், பெரும்பாலான தொழிலாளர் சட்டங்களை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்க அவசரச் சட்டம் போடத் துணிந்தது. தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. குஜராத் உத்தரவை எதிர்த்துச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2020 அக்டோபர் 1-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்துச் செய்து, மிகை நேரக் கூலியைத் தரச் சொன்னது. அங்கேயும் சங்கத்தின் கையில் ஆயுதமாக இருந்தது என்ன? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். எழுதிய சட்டம் இருந்தது. அதை எடுத்து வீசச் சங்கமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஜெயம் கிடைத்தது.

பணம் இல்லையா?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகள் மீதான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். ஆறு மாதம் கழித்துக் கோடிக்கணக்கான ஏழைகளுக்கென்று அறிவித்த உதவித் திட்டம் ரூ.1.70 லட்சம் கோடி. அதிலும் ஏற்கெனவே பட்ஜெட்டில் இருந்த விவசாயிகளின் ரூ.2,000 தவணையைச் சேர்த்துக் காட்டினார்கள்; சொந்த நிலமில்லாத விவசாயத் தொழிலாளிக்கு அதில் பங்கில்லை. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம், மாதம் ரூ.500. நாளொன்றுக்கு 17 ரூபாய்கூட இல்லை!

தானியம் இல்லாமலும் போகவில்லை. அந்த நேரத்தில் சர்க்கார் கிடங்குகளில் தேவையான கையிருப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அரிசியும் கோதுமையும் இருந்தன. தலைக்கு 5 கிலோ கொடுத்தார்கள். கார்டு சொந்த ஊரிலும், ஆள் வெளியூரிலும் இருந்தவனுக்கு அதுவும் எட்டவில்லை.

முதலாளித்துவ நாடுகளிலேகூட ஆள்வோர் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார்கள். பிரிட்டனில் தொழிற்சங்கங்களின் வற்புறுத்தலுக்குப் பின், வேலை நிறுத்தி வைக்கப்பட்டோருக்குச் சம்பளத்தில் 80 சதவீதத்தை ஓர் உச்சவரம்புக்குள் சர்க்கார் கொடுத்தது. 2021 செப்டம்பர் வரை அது நீடித்தது. அமெரிக்காவில் 2020 மார்ச்சில் இயற்றிய சட்டம், வேலையிழந்தோருக்கு வழக்கமான படிக்கு மேல் வாரம் 600 டாலர் கொடுத்தது. ஜூலையோடு அதை நிறுத்தியும் விட்டார்கள். அங்கேயும் போராடிய அளவுக்குத்தான் கிடைத்தது.

நமது கோரிக்கை

மத்தியத் தொழிற்சங்கங்கள் 2020 நவம்பர் 26-ல் அகில இந்திய வேலைநிறுத்தம் செய்தன. வருமான வரி கட்டாத குடும்பத்துக்கு மாதம் ரூ.7,500, தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் மாதம் 10 கிலோ இலவச தானியம், கிராமத்தில் 200 நாள் வேலை, பட்டணத்துக்கும் வேலை உத்தரவாதம் என்பவை அன்றைய முக்கியக் கோரிக்கைகள். அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றோடு நம் அனுபவத்தையும் சேர்த்து, கொள்ளை நோய்க் கால வாழ்வுரிமைச் சட்டம் ஒன்றைப் பார்லிமெண்டு இயற்ற வேண்டும் என்று கோருகிறோம்.

1. கொள்ளை நோயாலோ அதையொட்டிய சர்க்கார் உத்தரவாலோ மூடப்படும் நாட்களுக்கு நிரந்தரம், பதிலி, காண்ட்ராக்ட், பயிற்சியாளர் என்ற பேதமில்லாமல் கூலி. சிறு பட்டறைகளுக்கு இதில் பெரும்பங்கைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

2. வருமான வரி கட்டாத குடும்பங்களுக்கு மாதந்தோறும் ரொக்க உதவி. 2020-ன் ரூ.7,500-ஐ இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

3. கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருக்கும் ஊரிலேயே தலைக்கு 10 கிலோ தானியம்.

4. கிராமத்திலும் பட்டணத்திலும் 200 நாள் வேலை. வேலை நடத்த முடியாத ஊரடங்கு நாட்களுக்கும் கூலி.

5. வெளி மாநிலத் தொழிலாளிக்குத் தங்குமிடம், உணவு, ஊர் திரும்ப இலவசப் பயணம்.

6. நோய்ப்பட்ட நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு; சாவுக்கு நஷ்டஈடு.

7. கொள்ளை நோயைக் காரணம் காட்டி 8 மணி வேலையையும் சங்க உரிமையையும் நிறுத்தி வைக்கும் அதிகாரம் எந்தச் சர்க்காருக்கும் கூடாது.

ஒவ்வொரு ஷரத்திலும் 'வேண்டும்' என்ற சொல் இருக்க வேண்டும். 'விரும்பினால் செய்யலாம்' என்ற சொல்லை நாம் ஏற்கமாட்டோம்.

நம் பக்கத்துக் குறை

எதிரியின் குற்றத்தைச் சொல்லும்போது நம் குறையையும் ஒளிக்கக்கூடாது. ஊரடங்கின்போது பல இடங்களில் சங்கத் தோழர்கள் அரிசியும் காய்கறியும் சுமந்து வீடு வீடாகப் போனார்கள். ஆனால் மில் விடுதியில் அடைபட்ட இளம் பெண்களும், செங்கல் சூளையிலும் பனியன் கம்பெனியிலும் இருந்த வடநாட்டுத் தொழிலாளிகளும் நம் சங்கப் பதிவேட்டில் இருந்தார்களா? பெரும்பாலும் இல்லை. அவர்களுடைய பாஷை நமக்குத் தெரியாது. நம் கொடி அவர்களுக்குத் தெரியாது. ஆபத்து வந்தபோது ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கவே நாட்கள் போயின. அவர்கள் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று நம் தொழிலாளிகளில் சிலரே பேசுவது முதலாளிக்குத்தான் லாபம். கூலியைக் குறைப்பவன் முதலாளி. பசியோடு வந்தவன் நம் சகோதரன்.

நாம் சும்மா இருந்தால் புதுச் சட்டம் வராது என்பது மட்டுமல்ல, இருந்த சட்டமும் நிலைக்காது. கொள்ளை நோய்க் காலத்தில் கஞ்சி ஊற்றிய 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 டிசம்பரில் வேறொரு சட்டத்தைப் பார்லிமெண்டில் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று பெரிதாகப் பேசினார்கள். ஆனால் செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான ராஜ்யங்களின் தலையில் கட்டினார்கள். விவசாய வேலைக் காலத்தில் 60 நாள்வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தார்கள். உரிமை கைநழுவிப் போகும் விதம் இதுதான்.

மில் வாசலிலும், களத்து மேட்டிலும், சேரியிலும், தொழிலாளர் குடியிருப்பிலும் இந்த ஏழு கோரிக்கைகளைப் படித்துக் காட்டுங்கள். 2020-ல் நம் வீட்டில் எத்தனை நாள் கூலி போயிற்று, எவ்வளவு கடன் ஏறியது, அந்தக் கடன் இன்னும் தீர்ந்ததா என்று ஒவ்வொரு குடும்பத்திலும் கேட்டு எழுதுங்கள். சர்க்கார் எண்ணாததை நாம் எண்ணுவோம். அந்தக் கணக்கோடு உங்கள் தொகுதிப் பார்லிமெண்டு அங்கத்தினரின் வாசலுக்குப் போங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் போங்கள். மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் வடநாட்டுத் தோழனும் ஒன்றாகப் போங்கள்.

அடுத்த கொள்ளை நோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும்போது தொழிலாளி கையேந்தி நிற்கக்கூடாது. சட்டப் புத்தகத்தைக் கையில் பிடித்து, சங்கத்தின் பின்பலத்தோடு, என் கூலியை வை என்று கேட்க வேண்டும். அந்த நாளுக்கான வேலையை இன்றே தொடங்குவோம்!